8 பிட்டா, 16 பிட்டா? – ஒரு நெகட்டிவ் பெட்டியின் கதை

பிட் என்றதும் பரீட்சை ஹாலுக்குள் சட்டைக் கை மடிப்பில் போகும் பிட் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும். இது அந்த பிட் இல்லை, கம்ப்யூட்டர் பிட். (எனக்கு அந்த பிட்டும் தெரியும், ஆனால் அதைப் பற்றி எழுதினால் எம்.இ. முடிக்க விடமாட்டார்கள் :-))

பழைய போட்டோ நெகட்டிவை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். "24 பிட் கலரா, 48 பிட் கலரா?" எதைத் தேர்ந்தெடுத்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். 48 என்று போட்டால் ஃபைல் சைஸ் இரண்டு மடங்கு ஆகும். அப்புறம் எந்த மடையன் 48 போடுவான்?

2022-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று விநாடியில் 24 என்று முடிவு பண்ணி பட்டனைத் தட்டிவிட்டேன். மடையன் யார் என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. அந்தக் கதையையும், அதற்குப் பிறகு உட்கார்ந்து புரிந்துகொண்ட கணக்கையும்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பரணிலோ பீரோவிலோ நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் தாத்தா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஊர் சீர்காழிப் பக்கம். அவரிடம் ஒரு அக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. 120 பிலிம் போட்டால் சதுரம் சதுரமாக 12 படம் வரும். பிலிம் பெரும்பாலும் "இந்து". மதம் இல்லீங்க, இந்து என்றால் நிலா. ஊட்டியில் 1960-ல் ஆரம்பித்த இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் பிராண்ட் அது. நம்ம ஊர்க் குளிரில் நம்ம ஆட்கள் செய்த பிலிம். இப்போது அந்தத் தொழிற்சாலை இயங்குவதில்லை.

தாத்தாவிடம் இருந்தது 9 ரோல் கருப்பு வெள்ளை, அதாவது 108 படம். அப்புறம் மாமா வாங்கிக் கொடுத்த 35 எம்.எம். கேமராவில் எடுத்த 14 ரோல் கலர், அதாவது 504 படம். கலர் எல்லாம் மூடி போட்ட ஒரு பிஸ்கட் டின்னில். கருப்பு வெள்ளை எல்லாம் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில், நாலு நாலு படமாக வெட்டி, கவர் போட்டு, கவர் மேல் பென்சிலில் வருஷம் எழுதி. இரண்டும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருக்கும். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான்.

முதல் வருடக் கல்லூரி லீவில் நண்பன் ஒருவனுடைய மாமாவிடமிருந்து ஒரு பிளாட்பெட் ஸ்கேனர் பத்து நாளுக்குக் கடனாகக் கிடைத்தது. தாத்தா பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு கவரைத் தனியாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது 74 பொங்கல். திண்ணையில பாட்டியோட அக்கா உட்கார்ந்திருக்கா பாரு. பிரிண்ட்ல விழல, இருட்டா போச்சு. ஆனா நெகட்டிவ்ல இருக்கு. லேசா தெரியுதா?"

தெரிந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு முகம். "தெரியுது தாத்தா" என்றேன்.

"நெகட்டிவ் பத்திரம்டா. பிரிண்ட் எப்ப வேணா போட்டுக்கலாம்."

அந்த வாக்கியத்தை அப்போது காதில் வாங்கவில்லை. புது லேப்டாப், அதில் 60 ஜிபிக்கு ஒரு கேம் ஏற்றி வைத்திருந்தேன். மிச்ச இடம் கொஞ்சம்தான். எனவே 24 பிட், ஜேபெக், அதோடு "ஆட்டோ" என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் படம் பளிச்சென்று வரும். பத்து நாளில் 612 படமும் இரண்டு ஜிபிக்குள் அடங்கிவிட்டன. பெருமையாக இருந்தது. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் ஒரு வாரம் நான்தான் ஹீரோ.

ஸ்கேன் ஆகிவிட்டதே, இனி நெகட்டிவ் எதற்கு என்று இரண்டு பெட்டியையும் நானே பரணில் ஏற்றினேன். தாத்தா, "பீரோலயே இருக்கட்டுமேடா" என்றார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு தாத்தா, இனிமே அது வெறும் பிளாஸ்டிக்" என்றேன். சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

2022 நவம்பரில் சீர்காழிப் பக்கம் கொட்டிய மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பரணுக்கு மேலே ஓட்டில் ஒரு கீறல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

2024 பிப்ரவரியில் தாத்தா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் படங்கள் எல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டி என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, அந்தத் திண்ணைப் படம் இருக்குல்ல, அதைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுறா. அக்கா இருப்பா அதுல. தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றாள்.

பாட்டியை வளர்த்தது அந்த அக்காதான். 1976-ல் இறந்துவிட்டார். யார் கேமராவைத் தூக்கினாலும் அடுக்களைக்குள் போய்விடுவாராம். இருப்பது அந்த ஒரு படம்தான்.

லேப்டாப்பில் திறந்தேன். வாசலில் கோலம் பளிச்சென்று இருந்தது. வெயிலில் நிற்கும் மாமாவும் சித்தியும் பளிச். திண்ணை இருந்த இடம் கருப்பு. சரி, நம்மிடம் இல்லாத சாஃப்ட்வேரா என்று வெளிச்சத்தைக் கூட்டினேன். முகம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக, செங்கல் அடுக்கின மாதிரி ஒன்று வந்தது. இன்னும் கூட்டினால் இன்னும் பெரிய செங்கல்.

அந்த இடத்தில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 0 முதல் 9 வரை. அவ்வளவுதான். ஒரு மனுஷியின் முகம் முழுக்க, கண், மூக்கு, தோடு எல்லாம், பத்தே எண்களில் இருந்தது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஸ்கேனர் பிலிமின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் ஊடுருவி வருகிறது என்று அளந்து அதற்கு ஒரு எண் கொடுக்கிறது. 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை, மொத்தம் 256 படி. 16 பிட் என்றால் 65,536 படி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல். எனவே மூன்று எட்டு 24 பிட், மூன்று பதினாறு 48 பிட். சில சாஃப்ட்வேர் 8, 16 என்று சேனல் கணக்கில் சொல்லும், சில 24, 48 என்று மொத்தமாகச் சொல்லும். இரண்டும் ஒன்றுதான்.

24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் நிறம் வரும் என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் அதில்தான் ஏமாந்தேன். கருப்பு வெள்ளைப் படத்தில் மூன்று சேனலிலும் கிட்டத்தட்ட ஒரே தகவல்தான். கோடி எல்லாம் கிடையாது. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் 256 படி, முடிந்தது கதை.

256 படி போதாதா என்றால், பார்ப்பதற்குப் போதும். சத்தியமாகப் போதும். நாம் தினமும் பார்க்கும் ஜேபெக் எல்லாம் 8 பிட்தான். யாரும் குறை சொல்வதில்லை. முடிந்துபோன ஒரு படத்தை 8 பிட்டிலும் 16 பிட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் தங்கையிடம் எது எது என்று கேட்டேன். சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

பிரச்சினை பார்ப்பதில் இல்லை, இழுப்பதில். ஒரு கரண்டி மாவைச் சின்ன தோசையாக ஊற்றினால் நன்றாகத்தான் இருக்கும். அதே ஒரு கரண்டியைக் கல் முழுக்க இழுத்தால் என்ன ஆகும்? ஓட்டை விழும். கொஞ்சம் எண்களை வைத்துக்கொண்டு நிறைய இடத்தை நிரப்பப் பார்த்தால் நடுவில் ஓட்டைகள் விழும். ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ லெவல்ஸை இழுத்தபிறகு ஹிஸ்டோகிராமைப் பார்த்தீர்களானால் சீப்புப் பல் மாதிரி இடைவெளி இடைவெளியாக இருக்கும். அந்த ஓட்டைதான் அது. படத்தில் அது வானத்தில் படிக்கட்டாகவும், சுவரில் பட்டை பட்டையாகவும் தெரியும்.

பிரிண்டை ஸ்கேன் செய்தால் அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே முடிந்த படம். நெகட்டிவ் அப்படி இல்லை. நெகட்டிவ் என்பது இழுக்கப்படுவதற்காகவே செய்யப்பட்ட பொருள். கருப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசம் அதில் குறைவாகத்தான் இருக்கும். அதை விரித்துக் காட்டுவது அந்தக் காலத்தில் பிரிண்ட் பேப்பரின் வேலை. இன்று நம் வேலை.

கலர் நெகட்டிவில் இது இன்னும் மோசம். கலர் நெகட்டிவைப் பார்த்தால் முழுக்க ஆரஞ்சு நிறமாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். பழசாகி அப்படி ஆனதில்லை. வேண்டுமென்றே செய்தது. பிலிமில் உள்ள சாயங்கள் தான் உறிஞ்ச வேண்டிய நிறத்தோடு கொஞ்சம் வேறு நிறத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அந்தப் பிசகைச் சரிக்கட்ட ஆரஞ்சு மாஸ்க் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆரஞ்சு நிறம் நீல வெளிச்சத்தைத் தடுக்கும். அதனால் ஸ்கேனரின் நீல சேனலுக்கு வருவது குறைச்சலான வெளிச்சம். அம்மா கல்யாண நெகட்டிவ் ஒன்றை எதையும் திருத்தாமல் ஸ்கேன் செய்து பார்த்தபோது நீல சேனலில் படம் முழுக்க 40-க்கும் 120-க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. 256 படி என்று பெயர், கைக்கு வந்தது 80. அதை மறுபடி 256-க்கு விரித்தால் மூன்று இடத்துக்கு ஒரு எண்தான் இருக்கும். ரவா தோசை! அதே இடம் 16 பிட்டில் சுமார் 20,000 படி. எவ்வளவு இழுத்தாலும் ஓட்டை விழாது.

இன்னொரு விஷயம் தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. 48 பிட் வசதி உள்ள ஸ்கேனர்களில் பெரும்பாலும் உள்ளே அளப்பது எப்போதுமே அந்த அதிக பிட்டில்தான். நாம் 24 என்று சொன்னால் அது குறைவாக அளப்பதில்லை. முழுசாக அளந்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நம்மிடம் கொடுக்கிறது. அதாவது அந்த முகத்தை ஸ்கேனர் பார்த்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னது நான்.

நாலாவது செமஸ்டரில் குவான்டைசேஷன் பற்றி 16 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன்தான் நான். ஒரு பிட் கூடினால் இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு 6 டெசிபல் கூடும் என்று சூத்திரத்தோடு எழுதினேன். நல்ல மார்க்கும் வந்தது. அது பரண் மேல் இருக்கும் பெட்டிக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு ஏறியிருக்காது.

நியாயமாகப் பேசினால், பழி முழுக்க 8 பிட் மேல் இல்லை. மூன்று தப்பு சேர்ந்து நடந்தது. முதல் தப்பு அந்த "ஆட்டோ" பட்டன். படம் பளிச்சென்று வருவதற்காக அது இருட்டான பகுதியைப் பிடித்துக் கருப்புக்குள் தள்ளிவிடும். தள்ளினது போனதுதான். 16 பிட் என்ன, 32 பிட் போட்டாலும் பூஜ்ஜியத்துக்குள் போன முகம் திரும்பி வராது. இரண்டாவது தப்பு 8 பிட். தப்பிப் பிழைத்ததையும் பத்து எண்ணில் அடைத்தது. மூன்றாவது தப்பு ஜேபெக். அது படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது நினைக்கும் நுணுக்கங்களைக் கழித்துவிடும். இருட்டில் இருக்கும் மெல்லிய வித்தியாசங்கள்தான் அதில் முதலில் அடிபடும். நான் பார்த்த செங்கல் அடுக்கு அதுதான்.

ஃபைலை 16 பிட்டாக மாற்றினால் சரியாகிவிடாதா என்று ஒரு நண்பன் கேட்டான். நானும் செய்து பார்த்தேன். மாற்றலாம், ஆனால் புதிதாக எந்த எண்ணும் முளைக்காது. பத்து ரூபாயைச் சில்லறையாக மாற்றினால் பத்து ரூபாய்தானே இருக்கும். ஒரே ஒரு லாபம், அதற்குப் பிறகு செய்யும் திருத்தங்களில் மேலும் சேதம் குறையும். இழந்தது இழந்ததுதான்.

நெகட்டிவ் இருக்கிறதே, மறுபடி ஸ்கேன் செய்தால் போச்சு என்று பரணில் ஏறினேன்.

பிஸ்கட் டின் நன்றாக இருந்தது. செருப்புப் பெட்டி ஒரு பக்கம் ஊறிக் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. பிலிமின் மேல் பூச்சு ஜெலட்டின். தண்ணீர் பட்டால் ஊறும், அப்படியே காய்ந்தால் எதோடு ஒட்டியிருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொண்டுவிடும். கவரோடு கவராக, பிலிமோடு பிலிமாக அடை மாதிரி ஒட்டிக் கிடந்தன. மொத்தம் 27 துண்டு. அதில் 11 தேறின.

74 பொங்கல் ரோலில் இரண்டாவது துண்டும் மூன்றாவது துண்டும் இருந்தன. திண்ணைப் படம் நாலாவது படம். முதல் துண்டின் கடைசி. அது போய்விட்டது.

இரண்டாவது துண்டின் முதல் படம், அதாவது ஐந்தாவது படம், அதே வாசல், அதே வெயில், அதே திண்ணை. தாத்தா அதே இடத்தில் நின்று அடுத்த நிமிஷம் எடுத்திருக்க வேண்டும். அதிலும் திண்ணையில் இருட்டுக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடி அதே ஸ்கேனரைக் கடன் வாங்கினேன். இந்த முறை ஒழுங்காக: 16 பிட் கிரேஸ்கேல், டிஃப் ஃபைல், ஆட்டோ உட்பட எல்லாத் திருத்தமும் ஆஃப். ஸ்கேன் முடிந்து வந்த படத்தைப் பார்த்தால் வெளிறிப் போய் உயிரே இல்லாமல் இருந்தது. 2022-ல் இருந்த நான் இதைப் பார்த்திருந்தால் ஸ்கேனர் ரிப்பேர் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் எதுவும் வெட்டுப்படவில்லை என்று அர்த்தம்.

திண்ணைப் பகுதியில் எண்கள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்று பார்த்தேன். 8 பிட் கணக்கில் சொன்னால் ஒரு 24 படி அகலம்தான். நெகட்டிவில் இருட்டு என்பது பிலிமின் தெளிந்த பகுதி. அங்கே வித்தியாசம் அவ்வளவு மெல்லிசு. ஆனால் 16 பிட்டில் அந்த 24 படிக்குள் ஆறாயிரம் படி இருக்கிறது. ஆறாயிரமும் உண்மையான தகவல் இல்லை. கடைசி சில பிட்டுகளில் இருப்பது ஸ்கேனரின் இரைச்சலும் பிலிமின் குருணையும்தான். பரவாயில்லை. 24-க்கு மேல் எது கிடைத்தாலும் லாபம்.

லெவல்ஸை இழுத்தேன். இன்னும் இழுத்தேன். செங்கல் வரவில்லை. குருணை குருணையாக, மழைத் தூறலுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி ஒரு முகம் வந்தது. மூக்குத்தி தெரிந்தது. கழுத்தில் சரடு தெரிந்தது. சிரிக்கப் போகிறாளா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி உதடு.

பாட்டியிடம் லேப்டாப்பைக் கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நான்டா."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"அக்கா காபி போடறேன்னு உள்ள எழுந்து போயிட்டா. அவ உட்கார்ந்திருந்த இடத்துல நான் உட்கார்ந்தேன். இதோ, இந்தத் தூணு பக்கத்துல. அவளும் இங்கதான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தா." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இன்னொண்ணு இல்லையா?" என்றாள்.

"இல்ல பாட்டி. மழையில போயிடுச்சு."

"போகட்டும் விடு" என்றாள். அதற்கு மேல் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழையில் போனது நெகட்டிவ். முகம் போனது அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே, நான் 24 என்று அழுத்தியபோது. பக்கத்துப் படத்தில் இவ்வளவு வந்தது என்றால் அந்தப் படத்திலும் வந்திருக்கும். அதே வெளிச்சம், அதே இடம். இதை நான் பாட்டியிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன், எவ்வளவு இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்தேன் என்று பார்க்க. 35 எம்.எம். படம் ஒன்று 2400 டிபிஐ-யில் சுமார் 77 லட்சம் புள்ளி. 48 பிட்டில் ஒரு படம் 46 எம்பி. 504 படத்துக்கு 23 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. 120 பிலிமின் சதுரப் படம் 16 பிட் கிரேஸ்கேலில் 56 எம்பி. 108 படத்துக்கு 6 ஜிபி. ஆக மொத்தம் தாத்தாவின் ஆயுசு முழுவதும் 30 ஜிபிக்குள். ஒரு 32 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். என் லேப்டாப்பில் இருந்த கேம் 60 ஜிபி. அந்த கேமை நான் முடிக்கக்கூட இல்லை.

இனி யாராவது நெகட்டிவ் ஸ்கேன் செய்யப் போனால் என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மட்டும், நன்றாக விழுந்த பிரிண்டை ஸ்கேன் செய்கிறீர்களா? 8 பிட், ஜேபெக், நிம்மதியாகப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் 48 பிட் என்று அலைய வேண்டாம். நெகட்டிவ் ஸ்கேனிலும் பாதிப் படங்களில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பிலிமின் குருணையே படிக்கட்டை மறைத்துவிடும்.

ஆனால் எந்தப் படத்தில் பின்னால் தோண்ட வேண்டிவரும் என்று ஸ்கேன் செய்யும் நாளில் நமக்குத் தெரியாது. அதனால் நெகட்டிவ் என்றால் 16 பிட். கலர் என்றால் 48 பிட் கலர், கருப்பு வெள்ளை என்றால் 16 பிட் கிரேஸ்கேல். டிஃப்பில் சேமிக்கவும். 16 பிட்டில் ஸ்கேன் செய்து ஜேபெக்கில் சேமித்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். ஆட்டோ திருத்தங்களை அணைத்துவிடுங்கள். வெளிறிய ஸ்கேன்தான் நல்ல ஸ்கேன். அதை அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். வேலை முடிந்தபிறகு 8 பிட் ஜேபெக்காக மாற்றி ஊருக்கெல்லாம் அனுப்புங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஃபோட்டோஷாப் வாங்கக் காசில்லாத என்னைப் போன்றவர்களுக்கு ஜிம்ப் போதும். 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அது 16 பிட்டைச் சரியாகக் கையாள்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் மாற்றிவிடுங்கள், அது எல்லாவற்றையும் 8 பிட்டாக்கிவிடும்.

பிலிமிலேயே ஒன்றும் விழவில்லை என்றால் எந்த பிட்டும் காப்பாற்றாது. அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புகை மாதிரியாவது தெரிந்தால் வழி உண்டு.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கவே வேண்டாம். தாத்தா ஒரே வரியில் சொன்னார். நெகட்டிவ் பத்திரம், பிரிண்ட் எப்ப வேணா போட்டுக்கலாம். 16 பிட் டிஃப் என்பது நெகட்டிவ். 8 பிட் ஜேபெக் என்பது பிரிண்ட். நான் பிரிண்டை வைத்துக்கொண்டு நெகட்டிவைப் பரணில் போட்டேன், இரண்டு அர்த்தத்திலும்.

பாட்டியின் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் "இது யாரு, நீங்களா?" என்று கேட்டால், "ஆமா, ஆனா அது எங்க அக்கா உட்கார்ந்திருந்த இடம்" என்று சொல்கிறாள்.

டின்னும், தேறிய 11 துண்டும் இப்போது பீரோவில், பட்டுப்புடவைக்குக் கீழே.

பி.கு: கேமை அழித்துவிட்டேன்.